நிலாப் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி

1

போன மாதம் எனக்குப் பிறந்த நாள் கொண்டாடினார்கள். நான் என்றைக்குப் பிறந்தேன் என்பது எனக்குத் தெரியாது. கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்த ஒரு ஐப்பசியில் பிறந்ததாக என் அம்மா சொல்லியிருக்கிறாள். ஞானஸ்நானம் எழுதிய கோயில் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கப் போன இடத்தில் குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தேதி இல்லாம எழுத முடியாதும்மா."

"ஐப்பசின்னு போட்டுக்கோங்க."

"ஐப்பசிக்கு இதுல கட்டம் இல்ல" என்றவர், பேனாவை உதறிவிட்டு ஜூன் மாதம் முதல் தேதி என்று எழுதினார். வருசத்தையும் என் முகத்தைப் பார்த்து அவரே போட்டார். இரண்டு வயசு கூட்டித்தான் போட்டிருப்பார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் குமாஸ்தா பெற்றெடுத்த தேதிக்குத்தான் இங்கே அமெரிக்காவில், அரிசோனா என்கிற தேசத்தில், வருசா வருசம் கேக் வெட்டுகிறார்கள். என் மகள் எஸ்தர் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு மேலே இருக்கிற பெரிய நர்ஸ் பெயர் மார்கரெட். நல்ல மனுசி. இந்தத் தடவை கேக்கோடு விடாமல், "அம்மாவை எங்கேயாவது கூட்டிப் போவோம், போட்டோக் கண்காட்சி நடக்கிறது" என்று அவுக காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு போனாக. அங்கே நடந்ததைத்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி எழுத இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

2

முதலில் இந்த ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கா போகிறேன் என்றதும் பனியும் குளிருமாக இருக்கும் என்று அருப்புக்கோட்டையில் ஒரு கம்பளிச் சட்டை வாங்கித் தந்தார்கள். ஏழு கடல் தாண்டி இறங்கி, காரில் வரும்போது சன்னல் வழியாகப் பார்த்தால் ரோட்டோரம் முழுக்கச் சீமைக்கருவேலம் நிற்கிறது. அதே முள், அதே காய். வெயிலும் நம்ம வெயில்தான். "ஏ புள்ள, பிளேனு சுத்திட்டு நம்மூருக்கே வந்துருச்சா?" என்று கேட்டேன். எஸ்தர் சிரிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த மரம் பிறந்ததே இந்தப் பக்கந்தானாம். எனக்கு முந்தி அது நம்மூருக்கு வந்து குடியேறியிருக்கிறது. பதிலுக்கு நான் இங்கே வந்திருக்கிறேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. நாம் பொட்டல் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வோமே, அதை இவர்கள் பார்க்கப் போகிறார்கள். காரில் சாப்பாடு கட்டிக்கொண்டு, மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொண்டு போய், ஒன்றுமில்லாத இடத்தில் உட்கார்ந்து ஒன்றுமில்லாததைப் பார்த்து, "அழகு" என்கிறார்கள். அப்படியானால் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பரளச்சியில் இருக்கிறவர்கள் எல்லாரும் தினமும் அழகைப் பார்த்துக்கொண்டுதான் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள்.

எஸ்தர் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். நான் வீட்டைப் பெருக்கி, சோறு ஆக்கி, வாசலில் தண்ணீர் தெளிப்பேன். எதிர்வீட்டுக்காரர் தினமும் நின்று பார்த்துவிட்டு, ஒரு நாள் செடி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். முளைக்கும் என்று நம்பித் தெளிக்கிறேன் என்று நினைத்துவிட்டார் பாவம். எனக்கு இங்கிலீசு வராது. என்னிடம் யாராவது பேசினால் எஸ்தர்தான் சொல்லவேண்டும். நான் பத்து வார்த்தை சொன்னால் அவள் இரண்டு வார்த்தை சொல்லுவாள். மிச்சம் எட்டு எங்கே போகிறது என்று கேட்டால், "இங்கிலீசுல சுருக்கமாத்தாம்மா வரும்" என்பாள்.

எங்கே போகிறது என்று போன வருசந்தான் கண்டுபிடித்தேன். மார்கரெட் எங்கள் வீட்டுக்கு வந்தவுக, என்னிடம் ஏதோ கேட்டு, கையைத் துடுப்புப் போடுகிற மாதிரி ஆட்டினாக.

"என்னளா கேக்குறாக?"

"ஒண்ணுமில்லம்மா. சௌக்கியமான்னு."

"சௌக்கியத்துக்கு எதுக்குத் துடுப்புப் போடுறாக?"

அப்புறம் கிண்டிக் கிண்டிக் கேட்டதில் வெளியே வந்தது. எங்கள் வீடு ஆற்றங்கரையில் இருக்கிறது, சுற்றிலும் தென்னந்தோப்பு, பச்சைப் பசேலென்று வயல், பள்ளிக்கூடத்துக்குப் படகில்தான் போவோம் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

"எந்த ஆறுளா?"

"குண்டாறுதான்."

குண்டாற்றில் படகு விட்டால் அது மணலில்தான் ஓடவேண்டும். "ஏன் இப்படிப் பொய் சொன்ன?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். "வந்த புதுசுல கேட்டாங்கம்மா. எல்லாரும் அவங்கவங்க ஊரைப் பெருசாச் சொன்னாங்க. நான் மட்டும் சிரட்டையில தண்ணி மோந்து குடிச்சேன்னு எப்படிச் சொல்றது? ஒரு தென்னமரம் வச்சேன். அது தோப்பாயிருச்சு" என்றாள். "நீ ஒண்ணும் சொல்லிராதம்மா, கேவலமாயிரும்."

எனக்கு அது பெரிய அடி. ஊரைச் சொல்ல வெட்கப்படுகிறவள், அந்த ஊரில் அவளை வளர்த்த என்னையும் பாதி மறைத்துத்தானே வைத்திருக்கிறாள்? அவள் வாயாலேயே ஒரு நாள் உள்ளதைச் சொல்லவேண்டும் என்று அன்றிலிருந்து காத்திருந்தேன். நானாகப் போட்டு உடைக்கிறவள் இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் காட்டிக்கொடுத்தது கிடையாது.

3

கண்காட்சி நடந்தது பெரிய கூடம். உள்ளே குளிர் காற்று. கம்பளிச் சட்டை அன்றைக்குத்தான் உதவியது. சுவர் நெடுக இரண்டு இரண்டாகப் படம். இடது பக்கம் ராக்கெட்டில் போனவர்கள் எடுத்துவந்த சந்திரன். வலது பக்கம் பூமியில் இருக்கிற பாலைவனம். எல்லாம் கறுப்பு வெள்ளை. எது நிலா எது நிலம் என்று தெரியாதபடி ஜோடி போட்டிருந்தார்கள். அதுதான் இதில் கலையாம்.

ஆறு ஜோடி பார்த்தேன். மணல், பாறை, பள்ளம். ஏழாவது ஜோடியில் நின்றுவிட்டேன்.

வலது பக்கப் படத்தில் வெடித்த தரை. தரையெல்லாம் வட்ட வட்டமாகக் குழி. ஒவ்வொரு குழிக்கும் சுற்றி மண் விளிம்பு. பக்கத்தில் இருந்த நிலாப் படத்திலும் அச்சாக அதே மாதிரிக் குழி. ஆனால் வலது பக்கத்தில் இருந்தது எங்கள் கண்மாய். திருச்சுழிக்கும் பரளச்சிக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊர்க் கண்மாய். அந்தக் குழிகள் நாங்கள் தண்ணீருக்குத் தோண்டிய ஊற்றுகள். முன்வரிசையில் கோணலாக இருப்பது என் ஓரகத்தி ரோசம்மாளுடையது. அவள் எதையும் நேராகத் தோண்டமாட்டாள். அதற்குப் பின்னால் பொன்னையாத் தாத்தா ஊற்று. கடைசியில் தனியாக நல்ல உருண்டையாக இருப்பது என்னுடையது. அதன் விளிம்பில் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி.

எஸ்தர் முகத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள்.

"அம்மா, சத்தங்காட்டாம வா."

"கீழ என்ன எழுதியிருக்கு?"

"ஆளில்லாத நிலம், ஏழுன்னு."

"ஊர் பேரு?"

"தென்னிந்தியான்னு மட்டும் போட்டிருக்கு. வாம்மா."

ஆளில்லாத நிலமாம். அந்த வெள்ளைப் புள்ளி யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

4

சந்திரனில் ஆள் இறங்கி ஒன்றிரண்டு வருசம் கழித்து நடந்தது இது. அப்போது மழை பொய்த்திருந்தது. கண்மாய் வற்றினால் எங்கள் பக்கம் கண்மாய்க்குள்ளேயே ஊற்றுத் தோண்டுவோம். வீட்டுக்கு ஒன்று. ஆள் உயரம் இறங்கினால் அடியில் தண்ணீர் கசியும். ராத்திரி முழுக்கக் கசிந்து விடியலில் இரண்டு குடம் தேறும். அதைக் காவல் காக்க ஆள் போடுவதில்லை. ஊற்று வாயில் ஒரு முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். முள் கிடந்தால் அது ஒருத்தருக்குச் சொந்தம், அடுத்தவர் கை வைக்கமாட்டார். முள் இல்லையென்றால், உடையவர் வேண்டாமென்று விட்டுவிட்டார் என்று அர்த்தம். யாரும் இறைத்துக்கொள்ளலாம். இதற்குப் பஞ்சாயத்துக் கிடையாது.

அந்தச் சமயத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை ராமேசுவரம் போகிற வழியில் கார் டயரில் முள் ஏறி எங்கள் ஊரில் நின்றார். துணைக்கு மதுரையிலிருந்து ஒரு வாத்தியார், அவர்தான் துரை பேச்சைத் தமிழில் சொல்லுவார். துரை கரையில் ஏறி, மாடு பிடிக்க வந்தவர் மாதிரி கண்மாயை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

"இதுதான் நிலாங்கிறாரு" என்றார் வாத்தியார்.

"எது, நம்ம கம்மாயா?" என்றார் பொன்னையாத் தாத்தா. "நெலாவுல தண்ணி கெடக்கான்னு கேளுங்க."

"இல்லையாம்."

"அப்பச் சரியாத்தான் சொல்றாரு."

உலகத்தில் காய்ந்த இடமெல்லாம் படம் பிடித்து நிலாப் படத்தோடு ஜோடி சேர்ப்பதுதான் துரைக்கு வேலையாம். இதற்குச் சம்பளம் உண்டா என்று ரோசம்மாள் கேட்டாள். வாத்தியார் அதைத் துரைக்குச் சொல்லவில்லை.

அன்றைக்குச் சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது, குழியில் நிழல் விழவில்லை என்று மறுநாள் விடியலில் எடுப்பதாக முடிவு. துரைக்கு இரண்டு நிபந்தனை. நிலாவில் முள் கிடையாது, ஆகையால் குழியில் முள் இருக்கக்கூடாது. நிலாவில் ஆள் கிடையாது, ஆகையால் காலடித் தடம் இருக்கக்கூடாது. வாத்தியாரும் டிரைவரும் ஊர் எழுவதற்கு முன்னால் போய், யாரையும் கேட்காமல், அத்தனை ஊற்று முள்ளையும் இழுத்துக் கரைக்கு அந்தப் பக்கம் போட்டுத் தீயும் வைத்துவிட்டார்கள். குளிருக்கு இதமாக இருந்திருக்கும்.

முதலில் பார்த்தது ரோசம்மாள். "ஏ, எல்லா ஊத்தும் தெறந்து கெடக்கு" என்று ஒரு குரல்தான் கொடுத்தாள். ஊரே குடத்தோடு இறங்கிவிட்டது. அவள் என் ஊற்றுக்கு ஓடுகிறாள், பொன்னையாத் தாத்தா பெண்டாட்டி ரோசம்மாள் ஊற்றுக்கு ஓடுகிறாள்.

"ஏ ரோசா, அது என் ஊத்துளா."

"முள்ளு எங்க அக்கா?"

"நான் போட்டுட்டுத்தான் போனேன்."

"போட்ட முள்ளு பறந்தா போச்சு? வேணாம்னு விட்டுட்டீகன்னு நெனச்சேன்."

ஒருத்தி சிரட்டையை இன்னொருத்தி பிடுங்க, பானை உடைய, பழைய சண்டை நாலும் அதில் சேர்ந்துகொண்டது. துரை கரையில் ஏணி போட்டு அதன் உச்சியில் நின்று இரண்டு கையையும் ஆட்டுகிறார். அவரும் தண்ணீர்தான் கேட்கிறார் என்று நினைத்து, "இருங்க சாமி, வாரேன்" என்று ஒருத்தி சமாதானம் சொன்னாள்.

எஸ்தருக்கு அப்போது பதினேழு வயசு, ஒல்லி. அடுத்தவர் ஊற்றில் நான் கை வைக்கமாட்டேன், என் ஊற்றையும் விடமாட்டேன். மகளைக் கையைப் பிடித்து என் ஊற்றுக்குள் இறக்கினேன். "இதுக்குள்ள ஆள் இருக்கு, எவளும் வரக்கூடாது. நான் போயி வேற முள்ளு வெட்டியாறேன். நான் வந்து சொல்றவரைக்கும் ஏறாத" என்று அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன். விடியல் பனிக்கு அவள் தலையில் ஒரு வெள்ளைத் துண்டு கட்டியிருந்தாள்.

நான் போன பிறகு நடந்தது அவள் சொல்லித் தெரியும். சண்டை ஓய்ந்து எல்லாரும் பார்த்தால், யார் யார் ஊற்றிலோ இறைத்தும் ஆளுக்கு அதே இரண்டு குடந்தான். வாத்தியார் நடந்த தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். துரை ஏணியடியில் உட்கார்ந்துவிட்டார், தரையெல்லாம் தடமாகிவிட்டதே என்று கண் கலங்கியிருக்கிறது. விருந்தாளி கலங்கினால் நம்மவர்கள் பொறுப்பார்களா? ஆண்கள் எல்லாரும் கருவேலங்கொப்பை ஒடித்து, முன்பக்கம் கூட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து, கண்மாய் முழுவதையும் பெருக்கிக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்த் தெருவை அப்படி யாரும் பெருக்கியதில்லை.

மிச்சம் எஸ்தர் ஒருத்திதான். வாத்தியார் கரையில் நின்று கெஞ்சியிருக்கிறார்.

"ஏறி வாம்மா."

"எங்கம்மா சொன்னாத்தான் வருவேன்."

"அப்ப ஒரே ஒரு நிமிசம் தலையை உள்ள இழுத்துக்கோ."

இழுத்துக்கொண்டாள். துரை படம் பிடிக்கிற பெட்டிக்குள் குனிந்தார். அந்த நேரம் பார்த்து, அம்மா வந்துவிட்டாளா என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

5

அந்தத் தலைக்கு முன்னால்தான் இப்போது மூன்று பேரும் நிற்கிறோம். மார்கரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனாக. வெள்ளைப் புள்ளியைக் காட்டி எஸ்தரிடம் கேட்டாக. எஸ்தர் உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன கேக்குறாக?"

"இது என்னன்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலைன்னேன்."

வாயைத் திறந்தால் கூடமே கேட்கிற மாதிரி சொல்லிவிடுவேன். தமிழில் சொன்னாலும் விரலை நீட்டினால் புரிந்துவிடும். படத்தில் இருக்கிறதை ஒரு தடவை, அவளை ஒரு தடவை காட்டினால் போதும். கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டேன். அவளே சொல்லட்டும், சொல்லாவிட்டால் போகட்டும், நான் பெற்ற பிள்ளையை நான் நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்கமாட்டேன் என்று இருந்தேன். மார்கரெட் என்னைப் பார்த்து, படம் எப்படி என்பது போலக் கேட்டாக.

"நல்லா இருக்குன்னு சொல்லு, போவோம்" என்றேன் எஸ்தரிடம். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அந்நேரம் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெரியவர் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். படங்களை விளக்கிச் சொல்லுகிறவர். எங்கள் படத்துக்கு முன்னால் நின்று நீளமாகப் பேசினார். எல்லாரும் தலையாட்டினார்கள். கடைசியில் புள்ளியைக் காட்டி ஏதோ சொல்ல, எஸ்தர் மூக்கு விடைத்தது. என் வீட்டுக்காரருக்கும் கோபம் வந்தால் அப்படித்தான்.

"என்னளா சொல்றாரு?"

"அது ஒரு கல்லாம். அளவு தெரியுறதுக்காகப் படம் எடுத்தவுக கொண்டுவந்து வச்ச கல்லாம்."

"சரி, விடு."

"உசுரே இல்லாத எடத்துல ஒரு கல்லு தனியா இருக்குறது எவ்வளவு அழகா இருக்குங்கிறாரு."

"விடு புள்ள. போவோம்."

"என்னைக் கல்லுங்கிறாரும்மா" என்றாள். என்றவள் திரும்பி, அந்தப் பெரியவரிடம் இங்கிலீசில் ஒரே ஒரு வரி சொன்னாள். சொல்லும்போது தன் தலையில் கையை வைத்துக்கொண்டாள். அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

பெரியவர் சிரித்தார். எஸ்தர் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். அப்புறம் அவள் பேச ஆரம்பித்தாள். படத்தில் ஒவ்வொரு குழியாக விரல் வைத்துக் காட்டினாள். ரோசம்மா என்றாள், பொன்னையா என்றாள். இங்கிலீசுக்கு நடுவே அந்தப் பெயர்கள் நம்மூர்ச் சந்தையில் கூப்பிடுகிற மாதிரி கேட்டன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நிலாப் படத்தை விட்டுவிட்டு எங்கள் கண்மாயைச் சுற்றி நின்றார்கள். பெரியவர் பையிலிருந்து சீட்டு எடுத்து எழுதத் தொடங்கினார்.

"எழுதுறாரே, என்னத்துக்கு?"

"படம் எடுத்தவருக்குக் கடுதாசி போடப் போறாராம். புள்ளியில இருக்குறவ பேரு கேக்குறாரு."

"உன் பேரை மட்டும் சொல்லாத. ஊத்து யாருதுன்னும் சொல்லு."

"தலை என்னுதுதானம்மா?"

"ஊத்து இல்லாம தலை எங்கிருந்துடி வந்துச்சு?"

இதை இரண்டு பேரும் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டோம். அந்தக் கூடத்தில் யாரும் சத்தமாகப் பேசக்கூடாதாம். ஒருவரும் எங்களைத் தடுக்கவில்லை. கடைசியில் இரண்டு பேர் பெயரையும், ஊர் பெயரையும் எழுதிக்கொண்டார். ஊர் பெயரை எஸ்தர் மூன்று தடவை எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

பிறகு மார்கரெட் எஸ்தரிடம் மெதுவாக ஒன்று கேட்டாக. கையைத் துடுப்புப் போடுகிற மாதிரி ஒரே ஒரு தடவை ஆட்டினாக. எஸ்தர் தலையைக் குனிந்துகொண்டு, இல்லை என்று ஆட்டினாள். அவுக அவள் தோளில் கையைப் போட்டாக. கோபமா, சிரிப்பா என்று அந்த முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

திரும்பும்போது கார் ஓட்டினது மார்கரெட். பக்கத்தில் எஸ்தர், பின் சீட்டில் நான். ரோட்டின் இரண்டு பக்கமும் கருவேலம் ஓடிக்கொண்டிருந்தது. மார்கரெட் ஏதோ கேட்டாக. எஸ்தர் பதில் சொல்ல ஆரம்பித்தவள் வீடு வருகிற வரைக்கும் நிறுத்தவில்லை. எனக்கு வார்த்தை புரியவில்லை, கையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். மண்வெட்டியைப் பிடித்தாள். மண்ணை வட்டமாகச் சுற்றிப் போட்டாள். கலங்காமல் சிரட்டையைச் சாய்த்து மோந்தாள். வார்க்கும்போது ஒரு சொட்டுக் கீழே விடவில்லை. பிறகு ஒரு முள்ளைத் தூக்கி வந்து ஊற்று வாயில் வைத்தாள். அதில்தான் தப்புப் பண்ணிவிட்டாள்.

"அடிக்கட்டை மேக்க பாத்து இருக்கணும் புள்ள" என்றேன் பின்னாலிருந்து. "மாத்தி வச்சா காத்து பொரட்டிட்டுப் போயிரும்."

எஸ்தர் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு கையில் இல்லாத அந்த முள்ளை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு, நான் சொன்னதை மார்கரெட்டுக்குச் சொன்னாள்.